ஸ்கூட்டியிலிருந்து கியர் பைக்குக்கு: கிளச்சை எங்கே மெதுவாக விடுவது?

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பல வருடமாக ஸ்கூட்டி பெப் ஓடியவர், இப்போது பாவித்த 150 சிசி பைக் ஒன்று வாங்கியிருக்கிறார். ஓடத் தொடங்கிவிட்டால் கியர் மாற்றுவதில் பெரிய பிரச்சினை இல்லையாம். சந்தியில் நின்று எடுக்கும்போதுதான் ஒன்றில் எஞ்சின் நின்றுவிடுகிறது, இல்லாவிட்டால் வண்டி முன்னால் பாய்கிறது. "கிளச்சை மெதுவாக விட்டு எக்சிலேட்டரைக் கூட்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படித்தான் செய்கிறேன், பிறகும் ஏன் நிற்கிறது? கிளச் பழுதா? அரைக் கிளச்சில் வைத்தால் பிளேட் எரிந்துவிடுமா? எத்தனை நாளில் சரிவரும்?" என்பது அவருடைய கேள்வி.

நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எஞ்சினையும் பின்சில்லையும் இணைத்துப் பிரிக்கும் கிளச்சை மெதுவாக விடுவதென்றால் லீவரின் எந்த இடத்தில் மெதுவாக? ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராக மெதுவாக விட்டால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. லீவர் நகரும் தூரத்தில் முதற்பகுதி வெறும் பகுதி, அங்கே வேகமாகவே விடலாம். நடுவில் ஒரு சிறிய இடம் இருக்கிறது, அங்கே கை நிற்க வேண்டும். மெதுவாகப் போவதல்ல, நிற்பது. அதற்குப் பிறகு மிஞ்சும் பகுதியைத் தயங்காமல் விட்டுவிடலாம். வண்டி நிற்பதும் பாய்வதும் பெரும்பாலும் அந்த நடு இடத்தில் கை நிற்காததால்தான்.

ஏன் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்த வகை வண்டியின் எஞ்சின் ஐடிலில், அதாவது எக்சிலேட்டரைத் தொடாமல் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,300 முதல் 1,500 சுற்றுச் சுற்றுகிறது. முதல் கியரில், கிளச்சை முழுதாக விட்டு, எக்சிலேட்டரைத் தொடாமல் மட்டமான ரோட்டில் ஓடினால் அந்தச் சுற்றுக்கு வண்டி மணிக்கு சுமார் 5 முதல் 8 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அதாவது ஆள் நடக்கிற வேகம், அல்லது அதைவிடச் சற்றுக் கூட. நின்றிருக்கும் வண்டியின் பின்சில்லு சுற்றவேயில்லை. சுற்றாத சில்லையும் சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் ஒரேயடியாக இணைத்தால் இரண்டில் ஒன்று மற்றதன் வேகத்துக்கு வந்தாக வேண்டும். ரேஸ், அதாவது எக்சிலேட்டரால் கூட்டும் எஞ்சின் சுற்று, குறைவாக இருந்தால் எஞ்சின் தோற்று நின்றுவிடும், ரேஸ் கூடுதலாக இருந்தால் வண்டி பாயும். இரண்டும் ஒரே தவறின் இரண்டு முகம். கிளச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, வண்டி அந்த நடை வேகத்துக்கு வரும்வரை இடைவெளியை நிரப்ப வேண்டும். அதுவரை கையை எடுக்கக் கூடாது.

ஸ்கூட்டியில் இந்த வேலையை உங்கள் கை செய்யவில்லை. அதன் கிளச் சுழற்சி வேகத்தில் தானாக விரிந்து பிடிக்கும் வகை. ரேஸ் கூடக் கூடத் தானே பிடிக்கும், குறைந்தால் தானே விடும். அதனால் உங்கள் வலது கை "கொடுத்தால் போகும்" என்று பழகியிருக்கிறது. இடது கையின் பழக்கம் அதைவிட முக்கியம்: ஸ்கூட்டியில் இடது லீவர் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளச். பயத்தில் அதை இழுத்தால் எஞ்சினின் தள்ளு நிற்கும், ஆனால் வண்டி நிற்காது, உருண்டுகொண்டே போகும். பின் பிரேக் வலது காலுக்குக் கீழே இருக்கிறது. ஸ்கூட்டியிலிருந்து மாறுகிறவர்கள் கிளச் பழகுவதற்கு முன்பே, எஞ்சினை ஓஃப் பண்ணி வைத்துக்கொண்டு, ஒருவரைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லி, வலது காலால் பிரேக் பிடித்து நிறுத்திப் பழக வேண்டும் என்பதை நான் அழுத்தமாகவே சொல்வேன். இதைத் தவிர்த்துவிட்டு நேரே ரோட்டுக்குப் போவது ஆபத்து.

அடுத்தது, வண்டி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பாவித்த வண்டியென்றால் முந்தைய சொந்தக்காரரின் கைக்கு ஏற்றபடி எல்லாம் திருப்பியிருக்கும். கிளச் லீவரின் நுனியைப் பிடித்து ஆட்டினால் கேபிள் இறுகுவதற்கு முன் கொஞ்சம் வெற்றாட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு அது லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர். சரியான அளவு உங்கள் மொடலின் கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லையென்றால் லீவரை முழுதாக விட்ட பிறகும் பிளேட்டுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், தேயும். ஆட்டம் கூடினால் லீவரை முழுதாக இழுத்தாலும் பிளேட்டுகள் பிரியாது. முதல் கியர் போட்டதும் வண்டி தானே நகரப் பார்க்கும், நியூட்ரல் (எந்தக் கியரும் இல்லாத நிலை) விழ மறுக்கும். லீவரின் அடியில் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு லொக் நட்டும் திருகும் இருக்கும், சிறிய திருத்தத்தை அங்கேயே செய்யலாம். திருகு வெளியே அதிகம் வந்துவிட்டால் எஞ்சின் பக்கத்திலுள்ள திருகில் திருத்த வேண்டும். அதற்குக் கராஜுக்கே கொண்டுபோங்கள். திருத்திய பிறகு ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். லீவரின் ஆட்டம் மாறினாலோ ரேஸ் கூடிக் குறைந்தாலோ கேபிள் எங்கோ இழுபடுகிறது.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலுக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும் வீடுகளில் உப்புக் காற்று கேபிளுக்குள் துருவை ஏற்படுத்தும். துருப்பிடித்த கேபிள் சீராக வழுகாது, ஒரு இடத்தில் இறுகி நின்று சடாரென்று விடும். அப்படியான கேபிளில் எவ்வளவு திறமையான கையும் மென்மையாக எடுக்க முடியாது. லீவரை மெல்ல விடும்போது கையில் கரகரப்புத் தெரிந்தால் கேபிளைக் கழற்றி எண்ணெய் விடச் சொல்லுங்கள். முனையில் ஒரு கம்பி இழை அறுந்து தெரிந்தாலும் புதிது போடுங்கள். விலை அதிகமில்லை.

எஞ்சின் எண்ணெயையும் கேட்டறியுங்கள். இந்த வண்டிகளின் கிளச் எஞ்சின் எண்ணெய்க்குள்ளேயே மூழ்கி வேலை செய்கிறது. மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய்ப் போத்தலில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கும். காருக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அதை ஊற்றினால் பிளேட்டுகள் வழுக்கத் தொடங்கலாம். செயின் தொய்ந்திருந்தால் அதுவும் எடுக்கும்போது "டக்" என்று ஒரு குத்துக் கொடுக்கும். பலர் அதைக் கிளச் என்று நினைத்து, கிளச்சுக்கே செலவழிக்கிறார்கள். ஐடில் மிகக் குறைவாக இருந்தாலும் எஞ்சின் நிற்கும். உங்கள் கிளச் பழுதா என்பதை வண்டியைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சோதனை இருக்கிறது: நேரான வெறுமையான ரோட்டில் மூன்றாம் அல்லது நான்காம் கியரில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறினால் பிளேட் நல்லது, பழக வேண்டியது கைதான். இதை நீங்கள் செய்ய வேண்டாம், நன்றாக ஓடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

பழகும் இடம் மட்டமாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். தார், கொங்கிறீற், அல்லது நன்றாக அமர்ந்த கிரவல். கடற்கரைப் பக்கத்து மணல் ஒழுங்கை வேண்டாம், அங்கே சில்லு புதைந்து எல்லாக் கணக்கும் பிழைக்கும். ஹெல்மெட்டும் மூடிய சப்பாத்தும் போடுங்கள், செருப்போடு வேண்டாம். உட்கார்ந்ததும் இடது மணிக்கட்டு நேராக இருக்கிறதா பாருங்கள். லீவர் மேலே தூக்கி நின்றால் மணிக்கட்டு மடங்கி, விரலின் நுண்ணிய அசைவு போய்விடும். லீவரைப் பிடித்திருக்கும் கவ்வியைத் தளர்த்தி, முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வருமாறு சற்றுக் கீழே திருப்பிக்கொள்ளலாம். இரண்டு விரலா நான்கு விரலா என்பதில் ஓட்டுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பழகும் காலத்தில் நான்கு விரலும் நல்லது என்பது என் எண்ணம். இரண்டு விரலால் இழுக்கும்போது மற்ற இரண்டு விரலும் லீவருக்கும் கைப்பிடிக்கும் இடையே அகப்பட்டு, சில வண்டிகளில் கிளச் முழுதாகப் பிரிவதைத் தடுக்கும்.

முதற்பயிற்சியில் எக்சிலேட்டரைத் தொடவே கூடாது. எஞ்சினைச் சற்றுச் சூடாக விடுங்கள், குளிர்ந்த எஞ்சின் எளிதில் நிற்கும். இரண்டு காலும் தரையில். லீவரை முழுதாக இழுத்து முதல் கியர் போடுங்கள். இப்போது லீவரை விட்டுக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனத்து இறங்கும், வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பும், சில்லு நகரப் பார்க்கும். அதுதான் பிடிக்கும் இடம். அங்கே கண்ணால் பார்க்காமல் காதாலும் விரலாலும் கவனியுங்கள். வண்டி ஒரு சாண் நகர்ந்ததும் லீவரைத் திரும்ப இழுத்து நிறுத்துங்கள். இதையே இருபது முப்பது தடவை செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் முழுப் பழக்கமும் இதில்தான் இருக்கிறது. இருபதாவது தடவையளவில் விரல் அந்த இடத்துக்குத் தானாகப் போகத் தொடங்கும்.

பிறகு அந்த இடத்திலேயே லீவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டு காலாலும் நிலத்தில் நடந்தபடி பத்து மீற்றர் போங்கள். இன்னும் எக்சிலேட்டர் இல்லை. வேகம் கூடினால் லீவரை ஒரு நூலளவு இழுங்கள், எஞ்சின் திணறினால் அப்படியே ஒரு நூலளவு இழுங்கள். திணறலுக்கும் வேகத்துக்கும் மருந்து ஒரே பக்கம்தான் என்பதைக் கை புரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். நல்ல நிலையிலுள்ள 150 சிசி எஞ்சின் மட்டமான நிலத்தில் எக்சிலேட்டர் இல்லாமலே ஒருவரைச் சுமந்து நகர்ந்துவிடும்.

இப்போதுதான் எக்சிலேட்டர். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீற்றர் இருந்தால் 2,000 அளவுக்குக் கூட்டி அங்கேயே நிறுத்துங்கள். மீற்றர் இல்லாவிட்டால் ஐடில் சத்தத்தைவிட ஒரு படி கூடிய சீரான சத்தம் போதும். முக்கியம் என்னவென்றால், முதலில் ரேஸ், அதுவும் அசையாமல், பிறகுதான் கிளச். "ஒன்றை விட்டுக்கொண்டே மற்றதைக் கூட்டு" என்ற அறிவுரையில் பிழையில்லை, பழகியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கையும் அசைவதால் எந்தக் கை பிழை செய்தது என்றே தெரியாது. ஒரு கையை நிறுத்தி வைத்தால் மற்றக் கை கற்றுக்கொள்ளும்.

லீவரைப் பிடிக்கும் இடம்வரை கொண்டுவாருங்கள், வண்டி நகரத் தொடங்கும். இந்த நொடியில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். வண்டி நகர்ந்ததும் "சரி, எடுத்தாச்சு" என்று மனம் சொல்ல, கை தானாகத் திறந்துவிடுகிறது. வண்டி இன்னும் நடை வேகத்துக்கு வரவில்லை, அதனால் நின்றுவிடுகிறது அல்லது குத்திப் பாய்கிறது. நகரத் தொடங்கியதும் கையை அங்கேயே கல்லுப்போல வைத்து, வண்டி தன் நீளமளவு, ஏறக்குறைய இரண்டு மீற்றர், போகும்வரை பொறுங்கள். காலை நிலத்திலிருந்து தூக்கி மிதியில் வைக்க அதற்குள் நேரம் கிடைக்கும். பிறகு மிச்சத்தை விட்டுவிடுங்கள். உங்களுடைய கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இந்த இரண்டு மீற்றர்தான் அது.

ஒரு தடவையில் 15 முதல் 20 நிமிடத்துக்கு மேல் பழக வேண்டாம். முன்கை களைத்தால் விரல் நடுங்கும், அத்தோடு கிளச்சும் சூடாகும். எரிந்த வாசனை வந்தால் எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆற விடுங்கள்.

பிழைகளைச் சத்தத்தை வைத்தே பிரித்தறியலாம். வண்டி நகரும் முன்பே எஞ்சின் நின்றால் ரேஸ் போதவில்லை, அல்லது பிரேக் இன்னும் மிதிபட்டிருக்கிறது, அல்லது நீங்கள் முதல் கியரில் இல்லை. கடைசியாகச் சொன்னது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. சந்திக்கு மூன்றாம் கியரில் வந்து அப்படியே நின்றுவிட்டு, அதே கியரில் எடுக்கப் பார்ப்பது. நிற்பதற்கு முன்னரே, சில்லு உருண்டுகொண்டிருக்கும்போது, ஒவ்வொன்றாக முதல் கியருக்கு இறக்கிவிடுங்கள். கியர் மிதிக்கும் ஒழுங்கு எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல: சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே, வேறு சிலவற்றில் எல்லாமே ஒரே பக்கம். எஞ்சின் உறுமியும் வண்டி மெல்லவே நகர்ந்தால் கை பிடிக்கும் இடத்துக்கு இன்னும் வரவில்லை. விடும்போது வண்டி நடுநடுங்கினால் முதலில் செயினையும் ரேஸ் அளவையும் பாருங்கள். அவை சரியென்றால் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பாய்ந்தால் என்ன செய்வது? இடது லீவரை முழுதாக இழுங்கள். வண்டி பாயும்போது உடம்பு பின்னால் சாயும், பின்னால் சாயும் உடம்போடு வலது மணிக்கட்டும் சேர்ந்து இழுபட்டு ரேஸ் இன்னும் கூடும். அந்த நேரம் எக்சிலேட்டரைக் குறைக்க மூளை சொன்னாலும் கை கேட்காது. இடது கைக்கு அந்தச் சிக்கல் இல்லை. வலது மணிக்கட்டைச் சற்றுத் தாழ்த்தி வைத்தே எக்சிலேட்டரைப் பிடித்தால் இழுபடுவது குறையும். சந்தி நடுவில் எஞ்சின் நின்றால் பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தாலும் ஒழுங்கு மாறக் கூடாது: கிளச்சை இழு, முன் பிரேக்கைப் பிடி, ஸ்டார்ட் பண்ணு. சில வண்டிகள் கியரில் இருக்கும்போது கிளச்சை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது, நியூட்ரலுக்கு வர வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை வீட்டு முற்றத்திலேயே பார்த்துவையுங்கள்.

எங்கள் கரையோரம் தட்டை நிலம் என்பதால் ஏற்றத்தில் எடுக்கப் பழகாமலே பலர் வருடக்கணக்கில் ஓடுகிறார்கள். பிறகு மகியங்கனை தாண்டிக் கண்டிப் பக்கம் பதினெட்டு வளைவில் ஏறும்போது, முன்னால் லொறி நின்றால் தவிக்கிறார்கள். இங்கேயே பழகலாம். 2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலத்தின் ஏற்றம் மென்மையானது, ஆனால் அதில் நின்று பழக வாகனம் அதிகம். குளக்கட்டுக்கு ஏறும் கிரவல் வழிகளும், ரயில் கடவைக்கு ஏறும் சிறிய ஒழுங்கைகளும் பொருத்தம். கடவையென்றால் தண்டவாளத்திலிருந்து நன்றாகத் தள்ளியே நில்லுங்கள். முறை இது: இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். மட்டத்தைவிடக் கொஞ்சம் கூடிய ரேஸ். லீவரைப் பிடிக்கும் இடம்வரை விட்டு, வண்டி பிரேக்கை எதிர்த்து முன்னால் இழுப்பதை உணர்ந்த பிறகே பிரேக்கை மெல்ல விடுங்கள். பிரேக்கை முதலில் விட்டால் பின்னால் உருளும். கிளச்சையே அரைவாசியில் வைத்து ஏற்றத்தில் வண்டியைத் தாங்கி நிற்பதுதான் பிளேட்டைத் தின்னும் பழக்கம், அதை மட்டும் செய்யாதீர்கள்.

பின்னால் ஆள் ஏறினாலோ நெல் மூட்டை வைத்தாலோ பிடிக்கும் இடம் மாறாது, அங்கே நிற்க வேண்டிய நேரம் நீளும், ரேஸும் சற்றுக் கூட வேண்டும். மணலில் எடுக்கும்போதும் அப்படியே. ஹாண்டிலை நேராக வைத்து எடுங்கள், திருப்பி வைத்து எடுத்தால் முன்சில்லு தோண்டிச் சாயும். குருமண்வெளி–மண்டூர் போன்ற இடங்களில் 'பாதை' என்கிற மிதவையில் வாவியைக் கடக்கிறவர்கள் முதல் சில வாரம் எஞ்சினை ஓஃப் பண்ணித் தள்ளியே ஏற்றி இறக்குவது நல்லது. பலகையில் ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் பக்கத்தில் நிற்கிறவரின் காலில்தான் முடியும்.

பிளேட் எரியுமா என்ற பயத்துக்கு: எடுக்கும்போது இரண்டு மூன்று வினாடி வழுக்குவது கிளச் செய்ய வேண்டிய வேலை, எண்ணெய் அந்தச் சூட்டைக் கொண்டுபோகும். அது உறுதி. காத்தான்குடி பிரதான வீதியில் மாலை நேரம் ஊர்ந்து போகும்போது அரைக் கிளச்சும் பின் பிரேக்குமாகப் போவதும் தவறில்லை, நின்றால் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். கெடுதல் செய்வது ஏற்றத்தில் கிளச்சால் தாங்கி நிற்பதும், ஓடும்போது விரலை லீவரில் சாய்த்து வைப்பதும். ஒரு பிளேட் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் தாங்கும் என்று கராஜுக்குக் கராஜ் ஒவ்வொரு கணக்குச் சொல்வார்கள். கை, சுமை, எண்ணெய் மூன்றையும் பொறுத்து அது மிகவும் மாறும், ஒரு எண்ணை நம்பி இருக்காதீர்கள்.

எத்தனை நாள் என்பதற்கும் நாள் கணக்கு வேண்டாம். லீவரைப் பார்க்காமல், நிற்காமலும் பாயாமலும், தொடர்ந்து பத்துத் தடவை எடுக்க முடிந்தால் வெறுமையான ஒழுங்கைக்குப் போகலாம். அங்கேயும் அப்படி வந்தால் மெயின் ரோட்டு. அதற்கு முன் சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: பெப் 100 சிசிக்குக் குறைந்தது, அதற்கு ஏ1 வகுப்புப் போதும். 150 சிசிக்கு ஏ வகுப்பு வேண்டும். அது இல்லையென்றால் பயிலுநர் அனுமதியும் எல் போர்டும் இல்லாமல் ரோட்டில் பழகக் கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் நின்றால் வண்டியின் மொடல், லீவர் நுனியின் ஆட்டம், ஐடில் ஆர்பிஎம், நகரும் முன் நிற்கிறதா நகர்ந்த பின் நிற்கிறதா என்ற நான்கையும் எழுதுங்கள், அதை வைத்து மேலே பார்க்கலாம்.